ப்ளூம்ஸ்பரியின் காவல் தெய்வம்

லண்டன் ப்ளூம்ஸ்பரியில் இருக்கும் பிரிட்டிஷ் மியூசியத்தைக் குறை சொல்வது இப்போது ஒரு நாகரிகமாகிவிட்டது. கிரேக்கர்கள் சொல்கிறார்கள், நைஜீரியர்கள் சொல்கிறார்கள், எத்தியோப்பியர்கள் சொல்கிறார்கள். ஈஸ்டர் தீவுக்காரர்கள் 2018ல் நேரிலேயே வந்து, தங்கள் மூதாதையின் கற்சிலையைத் திருப்பிக் கேட்டுக் கண்ணீர் விட்டுப் போனார்கள். நம்மவர்களோ கோகினூர் எங்கே என்று அங்கே போய்த் தேடி, அது லண்டன் கோபுரத்தில் இருக்கிறது என்ற பதிலோடு திரும்புகிறார்கள். நன்றி கெட்ட உலகம். ஊர் உலகத்துச் சொத்தையெல்லாம் 270 ஆண்டுகளாகத் தன் தலைமேல் சுமந்து நிற்கும் ஒரு நிறுவனத்தைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல ஆளில்லை. அந்தக் குறையைத் தீர்க்கலாம் என்று இருக்கிறேன். அதியமானுக்காகத் தூது போன ஔவை, தொண்டைமானின் ஆயுதக் கொட்டிலைச் சுற்றிப் பார்த்துவிட்டு எப்படி மனம் நிறைந்து பாராட்டினாளோ, அதே மனநிறைவோடு எழுதுகிறேன்.

பிறப்பே பெருமைக்குரியது. ஹான்ஸ் ஸ்லோன் என்ற மருத்துவர் 71,000 பொருள்களைச் சேர்த்து வைத்திருந்தார். சேர்க்கப் பணம் வேண்டுமே? மனைவி வழியில் ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்களிலிருந்து வந்தது. அங்கே கரும்பு வெட்டிய அடிமைகளுக்குத் தாங்கள் ஓர் அறிவுக் கோயிலுக்கு அடிக்கல் நாட்டுகிறோம் என்று தெரிந்திருக்காது; தெரிந்திருந்தால் எவ்வளவு மகிழ்ந்திருப்பார்கள். ஸ்லோன் இறந்ததும் வாரிசுகளுக்கு 20,000 பவுன் கொடுத்து நாடாளுமன்றம் அத்தனையையும் வாங்கியது. அது 1753ஆம் ஆண்டுச் சட்டம். கஜானாவில் காசில்லாததால் லாட்டரிச் சீட்டு விற்றுத் திரட்டினார்கள். 1759 ஜனவரி 15 அன்று கதவு திறந்தது. இன்று அங்கே சுமார் 80 லட்சம் பொருள்கள் இருக்கின்றன. பார்வைக்கு வைத்திருப்பது 80,000 அளவில். நூறில் ஒன்றை மட்டும் காட்டிவிட்டுத் தொண்ணூற்றொன்பதைக் காட்டாமல் வைத்திருக்கும் இந்த அடக்கம் நம்மூர்ப் பணக்காரர்களுக்கு எந்தக் காலத்திலும் வராது.

நேர்மையும் உண்டு. எகிப்தின் ரொசெட்டா கல்லின் பக்கவாட்டில், பிரிட்டிஷ் படை இதை 1801ல் எகிப்தில் கைப்பற்றியது என்று பெயிண்டால் எழுதியே வைத்திருக்கிறார்கள். அப்படி எழுதிவைத்துக்கொள்ளும் கைப்பற்றல்காரரை வேறெங்கே பார்க்க முடியும்?

ஆனால் மியூசியத்தின் தலையாய குணம் பாதுகாப்பு. யார் எதைத் திருப்பிக் கேட்டாலும் அவர்கள் சொல்லும் முதல் பதில் அதுதான்: எங்களிடம் இருப்பதால்தான் பத்திரமாக இருக்கிறது. அந்தப் பத்திரத்தைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம்.

எல்ஜின் பிரபு ஒட்டோமான் சுல்தானிடம் பிரிட்டிஷ் தூதராக இருந்தவர். ஏதென்ஸ் அப்போது துருக்கியர் ஆட்சியில் இருந்தது. அங்கே அக்ரோபோலிஸ் குன்றின் மேல் பார்த்தினான் கோயில், கட்டி இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகள் தாண்டி நின்றுகொண்டிருந்தது. 1801ல் எல்ஜினின் ஆட்கள் ஏறினார்கள். படம் வரைவதும் அச்சு எடுப்பதும்தான் முதலில் திட்டம். எவ்வளவு நல்ல படமும் அசலுக்கு ஈடாகாது என்ற கலையுண்மை அவர்களுக்குச் சீக்கிரமே புலப்பட்டுவிட்டது. சுவரைச் சுற்றி ஓடிய சிற்பப் பட்டையின் கற்கள் மிகவும் கனம். பின்பக்கத்தை ரம்பத்தால் அறுத்துக் கழித்துவிட்டு முகத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். சுமைகூலி மிச்சம். பக்கத்துக் கோயிலில் ஆறு கல் கன்னியர் தலையால் கூரையைத் தாங்கி நின்றார்கள். அவர்களில் ஒருத்தியை மட்டும் அழைத்துக்கொண்டு ஐவரை அங்கேயே விட்டுவைத்த பெருந்தன்மையைக் கிரேக்கர்கள் இன்றுவரை பாராட்டவில்லை.

அனுமதி இருந்ததா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இருந்தது என்றார் எல்ஜின். துருக்கிய அதிகாரிகளின் கடிதத்தின் அசல் கையில் இல்லை, இத்தாலிய மொழிபெயர்ப்பு ஒன்று இருக்கிறது. கிரேக்கர் கோயிலை எடுத்துக்கொள்ளத் துருக்கியர் அனுமதி, அதற்கு இத்தாலிய மொழியில் சாட்சி. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பதற்கு இதைவிட முறையான ஆவணம் யாரிடம் இருக்கிறது? சிற்பங்களை ஏற்றிய ‘மென்டர்’ என்ற கப்பல் 1802ல் கித்திரா தீவருகே மூழ்கியது. முங்குநீச்சல்காரர்களை வைத்து எல்லாவற்றையும் மேலே கொண்டுவர இரண்டு ஆண்டு ஆயிற்று. கடலுக்கடியில் இருந்த காலத்திலும் அவை எல்ஜினின் பாதுகாப்பில்தான் இருந்தன என்பதை மறக்கக் கூடாது. 1816ல் நாடாளுமன்றம் 82க்கு 30 என்ற வாக்கில் 35,000 பவுனுக்கு வாங்கி மியூசியத்துக்குக் கொடுத்தது. தான் செலவழித்ததாக எல்ஜின் காட்டிய கணக்கில் இது பாதிகூட இல்லை. பேரம் பேசுவதில் நம் மூர்மார்க்கெட்காரர்கள் பாடம் கற்க வேண்டிய இடம்.

ஏதென்ஸில் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வெயில், மழை, நகரத்துப் புகை. லண்டன் அப்படியா? பென்டெலிக் மலைப் பளிங்கில் சிறிது இரும்பு கலந்திருக்கிறது. காற்றுப் பட்டுப் பட்டு அது மெல்லத் தேன் நிறத்துக்கு மாறும். அந்த நிறம் வருவதற்கு நூற்றாண்டுகள் ஆகும். 1930களில் டூவீன் பிரபு என்ற கலைப்பொருள் வணிகர் தம் செலவில் புதிய கூடம் கட்டித்தர முன்வந்தார். கிரேக்கச் சிற்பம் என்றால் வெள்ளைவெளேரென்று இருக்க வேண்டும் என்பது அவருடைய ரசனை. அந்தச் சிற்பங்களுக்குக் கிரேக்கர்களே வண்ணம் பூசியிருந்தார்கள் என்பது வேறு விஷயம். 1937லும் 1938லும் ஆட்கள் செம்பு உளியும் கார்போரண்டமும் எடுத்துக்கொண்டு, பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டு விளக்குவதுபோல விளக்கித் தள்ளினார்கள். கார்போரண்டம் என்பது சாணைக்கல்லில் இருக்கும் பொருள். 2,300 ஆண்டு சேர்ந்த மேற்பரப்பு ஒரு வருடத்துச் சொச்சத்தில் சுத்தம். 1938 செப்டம்பரில் மியூசியத்தின் இயக்குநரே அந்தப் பக்கமாக வந்து, சிற்பத்தருகே கிடந்த உளிகளைக் கண்டுபிடித்தார். அதுவரை ஒரு வருடத்துக்கு மேல் தம் கட்டடத்துக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டு யாரையும் தொந்தரவு செய்யாத பண்பாடு அவர்களுடையது.

அதன்பிறகு காட்டிய நிதானம் இன்னும் உயர்ந்தது. உள்ளுக்குள் விசாரித்தார்கள். பத்திரிகைகள் மோப்பம் பிடித்தபோது பெரிதாக ஒன்றுமில்லை என்றார்கள். ஆவணங்களைக் கட்டி வைத்தார்கள். வில்லியம் செயின்ட் கிளேர் என்ற வரலாற்றாளர் 1998ல் முழுவிவரத்தையும் புத்தகத்தில் போடும்வரை அறுபது ஆண்டு அந்த ரகசியத்துக்குக் கீறல் விழவில்லை. பளிங்கைவிட ரகசியத்தை நன்றாகப் பாதுகாக்கத் தெரிந்தவர்கள்.

கிரேக்கர்களிடம் இந்தச் சிற்பங்களை வைக்கத் தகுந்த இடமில்லை என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். கிரேக்கர்கள் 2009ல் அக்ரோபோலிஸ் அடிவாரத்தில் புதிய அருங்காட்சியகத்தையே கட்டித் திறந்தார்கள். பார்த்தினான் இருக்கும் திசையிலேயே கண்ணாடிக் கூடம். தங்களிடம் உள்ள அசல்களையும் லண்டனில் உள்ளவற்றின் சுண்ண வார்ப்புகளையும் அடுத்தடுத்து வைத்தார்கள். ஆறாவது கன்னிக்கு ஓர் இடம் காலியாக விட்டிருக்கிறார்கள். இப்போது லண்டன் என்ன சொல்கிறது? இடம் ஒரு பிரச்சினையே அல்ல, உலக நாகரிகங்களை ஒரே கூரையின் கீழ் பார்ப்பதே முக்கியம் என்கிறது. அந்தக் கூரை 2018 கிறிஸ்துமஸ் வாக்கில் டூவீன் கூடத்தில் ஒழுகியது, 2021ல் மறுபடியும் ஒழுகியது. கிரேக்கத்துக்கு இரவலாகக்கூட அனுப்ப முடியாத அளவுக்கு மென்மையான இந்தச் சிற்பங்களில் ஒன்றை, இலிஸோஸ் என்ற நதி தேவனை, 2014 டிசம்பரில் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகருக்கு அனுப்பிக் காட்டினார்கள். அந்த ஆண்டுதான் ரஷ்யா கிரைமியாவைச் சேர்த்துக்கொண்டது; பிறர் பொருளைச் சேர்த்து வைப்பவர்களுக்குள் ஓர் அன்னியோன்னியம் இருக்கத்தானே செய்யும். 2025 அக்டோபரில் அதே டூவீன் கூடத்தில் மேஜை போட்டு விருந்து நடந்தது. டிக்கெட் 2,000 பவுன். இந்தியாவின் வண்ணங்களை நினைவூட்டும் இளஞ்சிவப்பு விருந்து. பழங்காலச் சிற்பங்கள் தனியாக இருந்து ஏங்கிவிடக் கூடாது என்ற அக்கறையைக் கிரேக்கப் பண்பாட்டு அமைச்சர் புரிந்துகொள்ளாமல் கண்டித்தார்.

அடுத்து, சட்டத்துக்கு அடங்கி நடக்கும் குணம். 1963ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மியூசியம் சட்டப்படி, சில விலக்குகள் தவிர எதையும் கொடுத்துவிட முடியாது. மியூசியத்தைக் கேட்டால், நாங்கள் என்ன செய்வோம், சட்டம் கையைக் கட்டியிருக்கிறது என்பார்கள். அரசைக் கேட்டால், அது அறங்காவலர்கள் முடிவு, நாங்கள் தலையிட மாட்டோம் என்பார்கள். இரண்டு வாசலுக்கும் நடந்து நடந்து கிரேக்கர்களின் உடம்புக்கு நல்ல பயிற்சி. கொண்டுவருவதற்கு மட்டும் இப்படி ஒரு சட்டம் இல்லாமல் போனது காலத்தின் கோலம்.

சட்டத்தின் விலக்குகளில் ஒன்று நகல்கள். ஒன்றைப் போல இன்னொன்று இருந்தால் கூடுதலானதைத் தள்ளிவிடலாம். 1897ல் பிரிட்டிஷ் படை இன்றைய நைஜீரியாவில் உள்ள பெனின் நகரத்தை எரித்து அரண்மனையின் வெண்கலத் தகடுகளை வாரிக்கொண்டு வந்தது. மியூசியத்தில் மட்டும் பெனின் பொருள்கள் 900க்கு மேல் இருக்கின்றன. 1950 முதல் 1972 வரை அவற்றில் முப்பதுக்கு மேற்பட்டவற்றை நகல்கள் என்று சொல்லி விற்றார்கள். வாங்கியவர்களில் நைஜீரியாவும் உண்டு. பறிகொடுத்தவனுக்கே விற்றுக் காசு பார்ப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. பொருளின் அருமை அவனுக்குத்தானே தெரியும்? பிற்பாடுதான் தெரிந்தது, அவை நகல்கள் அல்ல, அரண்மனைத் தூண்களில் இணையிணையாகப் பொருத்தச் செய்த ஜோடிகள் என்று. ஜோடியில் ஒன்றை நகல் என்று சொன்ன அந்த நிபுணத்துவத்தின் முன் நாம் தலை வணங்கத்தான் வேண்டும்.

ஒரே கூரையின் கீழ் எல்லோரும் பார்க்கட்டும் என்ற கொள்கைக்கு வருவோம். 1868ல் எத்தியோப்பியாவின் மக்தலா கோட்டையைப் பிரிட்டிஷ் படை தாக்கியது. பேரரசர் தெவோத்ரோஸ் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார். கொள்ளைப் பொருளைச் சுமக்க 15 யானைகளும் 200 கோவேறு கழுதைகளும் வேண்டியிருந்தன. படையோடு மியூசியத்தின் ஊழியர் ஒருவரும் போயிருந்தார். கலை ஆர்வம் என்றால் அதுதான். அப்படி வந்தவற்றில் ‘தபோத்’ எனப்படும் புனிதப் பலகைகள் பதினொன்று மியூசியத்தில் இருக்கின்றன. அவற்றை எத்தியோப்பியத் திருச்சபையின் குருமார் தவிர வேறு யாரும் கண்ணால் பார்க்கக் கூடாது என்பது ஐதீகம். மியூசியம் அந்த ஐதீகத்தை மதித்து, பூட்டிய அறையில் வைத்திருக்கிறது. பார்வையாளர்கள் பார்க்க முடியாது, ஆய்வாளர்கள் முடியாது, ஊழியர்கள் முடியாது, அறங்காவலர்கள்கூட முடியாது. யாருமே பார்க்க முடியாத பொருளை உலக மக்கள் அனைவரும் பார்ப்பதற்காக லண்டனில் வைத்திருக்கிறார்கள். இதைப் புரிந்துகொள்ள வேதாந்தம் படித்திருக்க வேண்டும்.

இலங்கையின் தாரா தேவியும் இப்படித்தான். திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையே கிடைத்த, பொன்முலாம் பூசிய, 143 சென்டிமீட்டர் உயரமுள்ள அழகி. சிலோன் ஆளுநராக இருந்த பிரவுன்ரிக் 1830ல் மியூசியத்துக்குக் கொடுத்தார். இடுப்புக்கு மேல் ஆடையில்லாத பௌத்தத் தெய்வத்தைக் கண்டால் லண்டன்காரர்களின் மனம் கெட்டுவிடும் என்று முப்பது ஆண்டு ஆய்வாளர்களுக்கு மட்டும் காட்டினார்கள். ஆய்வாளர்களின் மனம் எந்தக் காலத்திலும் கெடாது என்ற நம்பிக்கை போலும்.

நம் மதராசுக்கும் இதில் ஒரு பங்குண்டு, சொல்லாமல் விட்டால் ஊர்ப்பெருமை குறையும். குண்டூர்ப் பக்கத்து அமராவதியில் இருந்த பெரிய பௌத்தத் தூபியின் சுண்ணாம்புக்கல் சிற்பங்களை வால்டர் எலியட் என்ற அதிகாரி 1845ல் தோண்டி எடுத்தார். மதராசுக்கு வந்து வெட்ட வெளியில் வெயில் காய்ந்தன. 1859ல் 120க்கு மேற்பட்ட கற்கள் கப்பலேறின. லண்டனில் ஃபைஃப் ஹவுஸ் என்ற மாளிகையின் வண்டிக் கொட்டகையில் போட்டார்கள். 1867ல் ஜேம்ஸ் ஃபெர்குசன் என்ற கட்டடக்கலை அறிஞர் வேறு எதையோ தேடப் போய் இவற்றைக் கண்டார். 1880ல் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு மாறின; இருபதாம் நூற்றாண்டில் நெடுங்காலம் அடித்தளக் கிடங்கில் கிடந்தன. 1992ல்தான் ஒரு ஜப்பானியப் பத்திரிகை நிறுவனத்தின் பெயரில் குளிரூட்டிய கண்ணாடிக் கூடம் கிடைத்தது. பாதுகாப்பதற்காகக் கடல் கடத்தப்பட்ட கல், பாதுகாப்பான இடத்தில் போய்ச் சேர 133 ஆண்டு காத்திருந்தது. இங்கேயே விட்டிருந்தால் சுண்ணாம்புக் காளவாயில் போயிருக்கும் என்பார்கள். அது பொய்யல்ல. எலியட்டுக்கு முன்பே நம்மவர்கள் அந்தத் தூபியைப் பெயர்த்துக் கட்டடம் கட்டினார்கள், சுண்ணாம்பும் சுட்டார்கள். ஆனால் எழும்பூர் அருங்காட்சியகத்தில் தங்கிவிட்ட அமராவதிச் சிற்பங்கள் சுண்ணாம்பாகவில்லை. இன்றும் டிக்கெட் வாங்கிப் பார்க்கலாம்.

பத்தூர் நடராஜர் கதையிலும் மியூசியம் தலைகாட்டுகிறது. 1976ல் தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில் மண்ணுக்கடியில் கிடைத்த சிலை. கைமாறிக் கடல் கடந்த அதை 1982ல் ஒரு கனடா எண்ணெய் நிறுவனம் வாங்கியது. செப்பனிடும் வேலைக்காகப் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருந்தபோது லண்டன் போலீஸ் அதைக் கைப்பற்றியது. வழக்கு நடந்தது, கோயிலுக்கே வழக்காடும் உரிமை உண்டு என்று லண்டன் நீதிமன்றம் ஏற்றது, 1991ல் நடராஜர் நாடு திரும்பினார். அவர் செய்த புண்ணியம், மியூசியத்துக்குள் வெறும் நோயாளியாகப் போனார். சொத்தாகப் போயிருந்தால் 1963ஆம் ஆண்டுச் சட்டம் குறுக்கே நின்றிருக்கும்.

கடைசியாக, மனத்தின் விசாலம். 80 லட்சம் பொருள்களில் 24 லட்சம் பொருள்கள் சரியாகப் பட்டியலிடப்படவே இல்லை என்று 2023ல் தெரியவந்தது. என்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பது அற்ப மனிதர்களின் பழக்கம். 2021ல் டென்மார்க்கைச் சேர்ந்த ஒரு பழம்பொருள் வியாபாரி, உங்கள் கிடங்கில் இருக்க வேண்டிய ரத்தினக் கற்கள் இபே தளத்தில் விற்பனைக்கு வருகின்றன என்று எழுதினார். எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன என்று சில மாதம் கழித்துப் பதில் அனுப்பினார்கள். 2023 ஆகஸ்டில் வெளியே சொன்னார்கள்: சுமார் 2,000 பொருள்கள் காணாமல் போயிருக்கின்றன, அல்லது சிதைக்கப்பட்டிருக்கின்றன. தங்கக் கட்டுகளைக் கழற்றி எடுத்தவைகூட உண்டு. 25,000 பவுனுக்குக் குறையாத ரோமானியப் பொருள் ஒன்று 40 பவுனுக்கு விலை கூறப்பட்டிருந்தது. திருட்டு நடந்தது உள்ளே இருந்தே என்று சொல்லி ஓர் ஊழியரை நீக்கினார்கள். இயக்குநர் பதவி விலகினார். அந்த வியாபாரி முழு விவரம் தரவில்லை என்று முதலில் அவர் மேலேயே பழி போட்டு, பிறகு வருத்தம் தெரிவித்ததும் நடந்தது. தொலைந்தவற்றைத் தேட உலக மக்களின் உதவியைக் கேட்டார்கள். தொலைந்தவை எவை என்று படம் போடவில்லை, அவற்றைப் போன்ற வேறு பொருள்களின் படங்களைப் போட்டார்கள். அப்படியும் 2024 மே மாதத்துக்குள் 626 திரும்பி வந்துவிட்டன. இதில் ஒரு கொள்கைத் தெளிவைக் கவனிக்க வேண்டும்: மியூசியத்திலிருந்து எடுக்கப்பட்ட பொருள் மியூசியத்துக்கே திரும்ப வேண்டும் என்பதில் அவர்களுக்குத் துளியும் சந்தேகமில்லை.

ஈகையும் வந்துவிட்டது. கானாவின் அசாந்தே அரசிலிருந்து பெரும்பாலும் போர்களில் கொள்ளை போன தங்கப் பொருள்கள் 2024ல் குமாசி அரண்மனைக்குப் போயின. பிரிட்டிஷ் மியூசியம் 15, விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம் 17. மூன்று ஆண்டு இரவல். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்களே, அந்தக் கையாவது கொஞ்சம் தாராளமாக இருக்கும். இவர்களுடையது, நெய்க்குச் சொந்தக்காரனுக்கே கரண்டிக் கணக்கில் ஊற்றி, கரண்டியை எப்போது திருப்பித் தருவாய் என்று எழுதி வாங்கிக்கொள்ளும் கை.

லண்டன் போகிற தமிழர்கள் அவசியம் இதைப் பாருங்கள். நுழைவு இலவசம், கிரேக்கர், எகிப்தியர், எத்தியோப்பியர் எல்லோருக்குமே இலவசம்தான், தங்கள் பொருளைப் பார்ப்பதற்கு அவர்களிடம் ஒரு காசு வாங்குவதில்லை. அமராவதிக் கூடத்தின் எண் 33ஏ. வாசலில் உங்கள் பையைத் திறந்து பார்ப்பார்கள், கோபித்துக்கொள்ள வேண்டாம். உள்ளே வருவது என்ன, யாருடையது என்று விசாரிக்கும் வழக்கம் இப்போதாவது அவர்களுக்கு வந்திருக்கிறது.